பர்கண்டி நிலவறைகளில் ஒரு நாள்: புது வைனைப் பீப்பாயிலிருந்தே சுவைத்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பிரான்ஸுக்குப் போய் வைன் தோட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது தோட்டத்துக் கடையைத்தான். நல்ல மர மேஜை, வரிசையாக நாலு பாட்டில், ஒரு தட்டில் சீஸ். அது இனிமையான அனுபவம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்னும் பாட்டிலில் அடைக்காத வைனை நிலவறையில் நின்று, பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைக்கும் நாள் முற்றிலும் வேறு மாதிரி. குளிர், ஈரம், நாள் முழுக்க நிற்பது, நாற்பது ஐம்பது வைன்களை வாயில் வைத்துத் துப்புவது, இடையில் வண்டி ஓட்டம். இதை வேலையாகச் செய்கிறவர்கள் வியாபாரிகளும் இறக்குமதியாளர்களும் விமரிசகர்களும். ஆர்வமுள்ள சாதாரண ஆளும் ஒழுங்காகத் திட்டமிட்டால் செய்யலாம். நான் சில வருடங்களாக நவம்பரில் பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துக்குப் போய் இப்படிச் சுவைத்து வருகிறேன். அங்கே படிப்படியாகப் பழகிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளம் வைனைப் புரிந்துகொள்ள இரண்டு சுவைகளைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: புளிப்பு, துவர்ப்பு. இந்த இரண்டிலும் தமிழ் நாக்குக்குச் சின்ன வயதிலிருந்தே பயிற்சி உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எப்படி என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

எந்த ஆண்டின் வைனைச் சுவைக்கப் போகிறோம்?

நவம்பரில் போனால் செப்டம்பரில் பறித்த திராட்சையின் வைன் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்போதுதான் நொதித்து முடிந்து, கலங்கலாக, வடிவம் பிடிபடாமல் இருக்கும். பெரும்பாலான பர்கண்டி விவசாயிகள் ஊற்றித் தருவது அதற்கு முந்தைய ஆண்டின் வைன். அதாவது நவம்பர் 2023இல் போனவர்கள் சுவைத்தது 2022ஆம் ஆண்டு அறுவடையை. பன்னிரண்டு, பதினான்கு மாதம் பீப்பாயில் இருந்து, பாட்டிலுக்குப் போகக் காத்திருக்கும் வைன் அது. இந்தக் கட்டத்தில்தான் அந்த ஆண்டின் குணம் நன்றாகத் தெரியும். சில இடங்களில் வெள்ளை வைனைப் பீப்பாயிலிருந்து எஃகுத் தொட்டிக்கு மாற்றியிருப்பார்கள், ஏனென்றால் புது அறுவடைக்குப் பீப்பாய் வேண்டும். தொட்டியின் சின்னக் குழாயிலிருந்து பிடித்துத் தந்தால் ஏமாற்றம் அடைய வேண்டாம். அதே வைன்தான், கொஞ்சம் தெளிந்து இறுகியிருக்கும்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

நவம்பரின் முதல் இரண்டு வாரங்கள் எனக்குப் பிடித்த காலம். அறுவடை அலுப்பு தீர்ந்திருக்கும், கொடிகளில் இலை மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருக்கும், விவசாயிக்குப் பேச நேரம் இருக்கும். செப்டம்பர் வேண்டவே வேண்டாம். ஒரு வருட உழைப்பு மொத்தமும் அந்தச் சில நாட்களில் இருக்கும்போது நம்மைக் கூட்டிக்கொண்டு சுற்ற அவர்களால் முடியாது.

நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையையும் கவனியுங்கள். போன் என்ற ஊரில் (பர்கண்டி வைன் வணிகத்தின் நடு மையம் அதுதான்) ஹோஸ்பிஸ் த போனின் வைன் ஏலம் அன்று நடக்கும். 1443இல் நிக்கோலா ரொலான் என்ற அமைச்சரும் அவர் மனைவி கிகோன் த சலானும் ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை அது. காலங்காலமாகப் பலர் அதற்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள், அவற்றின் வைனை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள். அந்த வார இறுதியில் ஊரே திருவிழாவாக இருக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் விடுதிகளில் இடம் கிடைக்காது, விவசாயிகள் தங்கள் பழைய வாடிக்கையாளர்களோடு இருப்பார்கள். அமைதியாகச் சுவைக்க அதற்கு முந்தைய வாரமோ பிந்தைய வாரமோ மேல்.

இரண்டாம் படி: அனுமதி கேட்டு எழுதுவது

பர்கண்டியில் முன்னறிவிப்பில்லாமல் கதவைத் தட்டக்கூடாது. பல இடங்களில் கணவன், மனைவி, ஒரு பிள்ளை, ஓரிரு வேலையாட்கள், அவ்வளவுதான் மொத்த நிறுவனம். நாம் உள்ளே இருக்கும் ஒன்றரை மணி நேரம் அவர் கொடி வெட்டப் போயிருக்க வேண்டிய நேரம்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரெஞ்சில் ஐந்தாறு வரி போதும். நாங்கள் யார், எத்தனை பேர் (நான்கு பேருக்கு மேல் வேண்டாம்), எந்த நாள், எந்த நேரம், உங்கள் வைன் எதை இதற்கு முன் குடித்திருக்கிறோம், ஏன் வர விரும்புகிறோம். முன்பு குடித்த வைனைப் பற்றிய அந்த விஷயம்தான் கதவைத் திறக்கும். வியாபாரி இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். பொய்யாக இறக்குமதியாளர் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்பது அவர் நேரத்தைத் திருடுவது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பேர் பெற்ற இடங்களில் இடம் கிடைப்பது அரிது. ரொமனே-கோந்தி தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர். அதன் வைனைப் பீப்பாயிலிருந்து சுவைக்க உலகமே வரிசையில் நிற்கிறது. அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, கிராம அளவு வைனை (முழுக் கிராமத்தின் பெயரில் விற்பது) அக்கறையோடு செய்கிற, அதிகம் பேசப்படாத ஆட்களைத் தேடுங்கள். முதல் முறை போகிறவர்கள் நாளில் ஓர் இடத்தையாவது போன் நகரின் பெரிய வணிக நிறுவனங்களில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஊருக்கு அடியில் ஓடும் பழைய நிலவறைகளைக் காட்டுவார்கள். 1880இல் தொடங்கிய ஜோசப் துருவான் நிறுவனம் அப்படி ஒன்று.

மூன்றாம் படி: எத்தனை இடம், எந்த வரிசை

ஒரு நாளைக்கு நான்கு இடம். ஐந்து போகலாம், ஆனால் ஐந்தாவது இடத்தில் உங்கள் நாக்கு வேலை செய்யாது. ஓர் இடத்தில் எட்டு முதல் பதினைந்து வைன் வரை ஊற்றுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புவியியல் நமக்குச் சாதகம். வடக்கே திஜோன் நகரிலிருந்து போன் வரை சுமார் 40 கிலோமீட்டர். நடுவில் ஒரே சாலையின் மேற்குப் பக்கத்தில், கிழக்கு பார்த்த சரிவில், உலகின் மிகப் பிரபலமான கிராமப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன: ஜெவ்ரே-ஷாம்பெர்தான், மொரே-சன்-தெனி, ஷாம்போல்-முசின்யி, வூஜோ, வோன்-ரொமனே, நுய்-சன்-ஜோர்ஜ். போனைத் தாண்டித் தெற்கே பொமார், வோல்னே, மெர்சோ, புலின்யி-மொன்ராஷே. ஒரு கிராமத்திலிருந்து அடுத்ததற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இந்தச் சரிவுகளின் சின்னச் சின்ன நிலத்துண்டுகளுக்கு, அவர்கள் கிளிமா என்று அழைப்பவற்றுக்கு, 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது.

நான் வைத்துக்கொள்ளும் கால அட்டவணை இது. காலை 9 மணிக்கு ஜெவ்ரே. 10.45க்கு வோன்-ரொமனே அல்லது நுய். 12.15க்கு முடித்துவிட வேண்டும். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பிரான்ஸின் மதிய உணவு நேரம், அதில் யாரும் குறுக்கிடுவதில்லை. 2 மணிக்கு வோல்னே அல்லது பொமார். 4 மணிக்கு மெர்சோ. காலையில் சிவப்பு, மாலையில் வெள்ளை என்று முடிவது தற்செயல் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முடிந்தால் ஒரே கிராமத்தில் இரண்டு வேறு ஆட்களின் வைனைச் சுவைக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பர்கண்டியின் சிக்கலும் அழகும் அதில்தான் இருக்கின்றன. குளோ த வூஜோ என்ற மதில் சூழ்ந்த தோட்டம் சிஸ்டெர்சியத் துறவிகள் உருவாக்கியது, சுமார் 50 ஹெக்டேர். இன்று அதற்கு ஏறத்தாழ 80 சொந்தக்காரர்கள். பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலாகி விற்கப்பட்ட நிலங்கள், அப்புறம் பிள்ளைகளுக்குச் சம பங்கு என்ற நெப்போலியன் காலச் சட்டத்தால் தலைமுறை தலைமுறையாகத் துண்டுபட்டன. பாகப்பிரிவினை என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே மதிலுக்குள், ஒரே பெயரில், எண்பது கைகளின் வைன். பெயர்ச்சீட்டில் தோட்டத்தின் பெயரைவிடச் செய்தவரின் பெயர் ஏன் முக்கியம் என்பது இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே புரியும்.

நான்காம் படி: போக்குவரத்து

பிரான்ஸில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக்கூடாது. புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2 கிராம். துப்பினாலும் வாய்வழியாகக் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், நாற்பது வைனுக்குப் பிறகு அது கணிசம். ஆகவே சுவைக்காத ஒருவர் ஓட்டட்டும், இல்லையென்றால் ஓட்டுநரோடு வண்டி அமர்த்துங்கள். செலவைப் பகிர்ந்துகொள்ள மூன்று பேர் இருந்தால் தாங்கும். ரயிலும் உண்டு. திஜோனுக்கும் போனுக்கும் இடையே ஓடும் வட்டார ரயில்களில் சில ஜெவ்ரே, நுய் போன்ற சின்ன ஊர்களிலும் நிற்கும். ஆனால் நிலையத்திலிருந்து கிராமத்துக்குள் நடக்க வேண்டும். நாளுக்கு இரண்டு இடம் போதும் என்கிறவர்களுக்கு ரயில் அருமையான வழி.

ஐந்தாம் படி: காலையில் கிளம்பும் முன்

முதல் விதி மணம். எந்த வாசனையும் உடம்பில் இருக்கக்கூடாது. சென்ட், அத்தர், வாசனைத் தைலம், தலையில் தேங்காயெண்ணெய், மல்லிகைச்சரம், நெற்றியில் சந்தனம் எல்லாவற்றையும் அன்று ஒரு நாள் தள்ளி வையுங்கள். நிலவறை மூடிய இடம். உங்கள் மணம் உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கு வைனே தெரியாமல் போய்விடும்.

பல் துலக்குவது முதல் இடத்துக்கு ஒரு மணி நேரமாவது முன்பு. பற்பசையின் புதினா வைனைக் கசக்கச் செய்யும். காலை உணவு கனமாக இருக்கட்டும்: ரொட்டி, வெண்ணெய், முட்டை, கொஞ்சம் சீஸ். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் பெட்டியிலேயே இருக்கட்டும், காரம் பட்ட நாக்கு துவர்ப்பை இரண்டு மடங்காகக் காட்டும். காபி குடிக்கலாம், ஆனால் முதல் கோப்பைக்கு முன் நன்றாக வாய் கொப்பளியுங்கள்.

உடை கறுப்பு அல்லது அடர்நிறம். பீப்பாயிலிருந்து வைன் தெறிக்கும், துப்பும்போது சிந்தும். நிலவறை 12, 13 டிகிரி இருக்கும், ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றால் குளிர் காலிலிருந்து ஏறும். கம்பளிச் சட்டை, தடித்த காலுறை, வழுக்காத செருப்பு. எழுதப் பென்சில். ஈரத்தில் பேனா மை பரவும், கைபேசியில் தட்டுவது பேசுகிறவருக்கு முகம் கொடுக்காத மாதிரி இருக்கும்.

ஆறாம் படி: நிலவறைக்குள் நடந்துகொள்வது

உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் தனித்தனியாக "போன்ழூர்" சொல்லுங்கள், மூலையில் பீப்பாய் கழுவுகிறவருக்கும். அப்புறம் உங்கள் கையில் ஒரு கோப்பை தருவார்கள். அதுதான் அந்த இடத்தில் உங்களுக்கான ஒரே கோப்பை, கடைசி வரை.

விவசாயி பீப்பாயின் தக்கையை எடுத்து, பிப்பெட் என்ற நீண்ட கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து வைனை உறிஞ்சி எடுப்பார். ஒரு கோப்பைக்கு இரண்டு மடக்கு அளவு ஊற்றுவார். இது கஞ்சத்தனம் இல்லை. பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர், சுமார் 300 பாட்டில். சில தோட்டத்துண்டுகளில் அவருக்கு வருடத்துக்கு இரண்டே பீப்பாய்தான் கிடைக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் தாராளமாக ஊற்றினால் விற்க என்ன மிஞ்சும்?

சுவைக்கும் முறை எளிது. கோப்பையைச் சுழற்றுவதற்கு முன் ஒரு முறை முகருங்கள். சுழற்றிய பின் இன்னொரு முறை. சின்ன மடக்கு எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, வாய் முழுக்க உருட்டுங்கள். பத்து நொடி. துப்புங்கள். துப்பிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு கோதலி என்று ஓர் அளவே வைத்திருக்கிறார்கள், ஒரு கோதலி ஒரு நொடி.

எங்கே துப்புவது? வெற்றிலை போடும் வீடுகளில் படிக்கம் இருந்தது போல இங்கேயும் வாளியோ பீங்கான் தொட்டியோ இருக்கும். பல பழைய நிலவறைகளில் தரையே சரளைக்கல், அதில்தான் எல்லோரும் துப்புவார்கள். விவசாயி எங்கே துப்புகிறார் என்று பார்த்து அங்கேயே துப்புங்கள். தூரமாக, மெல்லிய தாரையாகத் துப்ப வீட்டுக் குளியலறையில் தண்ணீரை வைத்து ஒரு வாரம் பழகிவிட்டுப் போங்கள். இது நிஜமான ஆலோசனை. முதல் வருடம் நான் நல்ல வைனைத் துப்ப மனம் வராமல் விழுங்கினேன். மூன்றாவது இடத்தில் எழுதிய குறிப்பை இரவில் படித்தால் எல்லா வைனுக்கும் "மிக நன்று" என்று இருந்தது. அந்தப் பயணத்தில் ஒரு பிற்பகல் முழுக்க வீணாயிற்று.

கோப்பையில் மிச்சம் இருந்தால் கீழே கொட்டாதீர்கள். சிலர் அதை வாங்கிப் பீப்பாயிலேயே திருப்பி ஊற்றுவார்கள். கோப்பையை நீட்டினால் அவர் பார்த்துக்கொள்வார்.

வரிசை எப்போதும் கீழிருந்து மேலே: வட்டார வைன், கிராம வைன், பிரிமியே க்ரூ (கிராமத்தின் சிறந்த தோட்டத்துண்டுகளின் வைன்), கடைசியில் கிராண்ட் க்ரூ (மிக உயர்ந்த தர வரிசைத் தோட்டங்களின் வைன்). பர்கண்டி முழுவதிலும் கிராண்ட் க்ரூ சுமார் ஒரு சதவீதம்தான். சிவப்பும் வெள்ளையும் இருந்தால் பல விவசாயிகள் சிவப்பை முதலில் தருவார்கள். விருந்துப் பழக்கத்துக்கு இது நேர்மாறு. வெள்ளையின் கூர்மையான புளிப்பு நாக்கில் இருக்கும்போது சிவப்பின் துவர்ப்பு முரடாகத் தெரியும். சிவப்புக்குப் பிறகு வெள்ளை வந்தால் வாயைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். நாளின் கடைசியில் மெர்சோவை வைத்ததற்கும் இதுவே காரணம்.

ஏழாம் படி: இளம் வைனைப் படிப்பது

இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

பீப்பாயில் இருக்கும் வைன் ருசியாக இருக்க வேண்டியதில்லை. வளர்கிற பிள்ளையின் உயரத்தையும் எலும்பையும் பார்ப்பது மாதிரி, அதன் புளிப்பையும் துவர்ப்பையும் பழத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறோம்.

முதலில் புளிப்பு. திராட்சையில் இரண்டு முக்கிய அமிலங்கள். ஒன்று டார்டாரிக், நம் வீட்டுப் புளியில் இருக்கும் அதே அமிலம். இன்னொன்று மாலிக், ஆப்பிளில் இருப்பது. சாராய நொதித்தல் முடிந்த பிறகு பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும். லாக்டிக் என்பது தயிரிலும் மோரிலும் இருப்பது. இந்த மாற்றத்தைத்தான் அவர்கள் சுருக்கமாக மலோ என்கிறார்கள். பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி பற்களில் கூச்சம் எடுத்தால் மலோ முடியாமல் இருக்கலாம். மோரின் உருண்டையான புளிப்பு வந்துவிட்டால் முடிந்தது. நடுவில் இருக்கும் வைன் நாக்கில் லேசாகச் சுறுசுறுக்கும், ஏனென்றால் கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எந்த வைனையும் மட்டமாக மதிப்பிடாதீர்கள். "மலோ முடிந்ததா?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். வெள்ளை வைனில் வெண்ணெய் மணம் வந்தால் அதுவும் மலோவின் பக்க விளைவுதான்.

அடுத்தது துவர்ப்பு. திராட்சையின் தோல், விதை, காம்பு மூன்றிலிருந்தும் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் வருகிறது. புதுப் பீப்பாயின் ஓக் மரமும் தன் பங்கைச் சேர்க்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பட்டு, வெல்வெட், மணல்தாள் என்று துணிக்கடைக்கும் தச்சுப்பட்டறைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. நமக்குத் துவர்ப்பு அறுசுவையில் ஒன்று, அதற்குள்ளேயே படிகள் தெரியும். நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது. நாவல்பழத் துவர்ப்பு: இனிப்போடு கலந்து, நாக்கில் மெல்லிய மாவாகப் படியும். நல்ல ஷாம்போல் இப்படித்தான் இருக்கும். நெல்லிக்காய்த் துவர்ப்பு: முதலில் பிடிக்கும், துப்பிய பின் வாயில் இனிப்பு ஊறும். பல வருடம் வைக்கத் தகுந்த வைனுக்கு இது நல்ல அடையாளம். கொட்டைப்பாக்குத் துவர்ப்பு: ஈறைப் பிடித்து உலர்த்தும், பத்து வருடம் பொறுத்தால் இளகும், பொமாரில் அடிக்கடி பார்க்கலாம். வாழைக்காய்த் தோல் துவர்ப்பு: பச்சை வாடையோடு வரும். இது பழுக்காத காம்பிலிருந்தோ விதையிலிருந்தோ வந்தது, காலம் இதை முழுதாகச் சரிசெய்யாது. கடைசிப் படி கடுக்காய், அதைப் பற்றி எழுதக்கூட வேண்டாம்.

காம்பு பற்றி ஒரு வார்த்தை. சிலர் திராட்சையைக் காம்பிலிருந்து உதிர்த்து நொதிக்க வைப்பார்கள், சிலர் கொத்தோடு போடுவார்கள். மொரே-சன்-தெனியில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய தொமேன் துஜாக் என்ற தோட்ட நிறுவனம் கொத்தோடு நொதிக்க வைப்பதற்குப் பேர் போனது. நன்றாகப் பழுத்த ஆண்டில் காம்பு மசாலா மணமும் குளிர்ச்சியும் தரும், பழுக்காத ஆண்டில் பச்சை வாடை தரும். "இந்த ஆண்டு எவ்வளவு கொத்தோடு போட்டீர்கள்?" என்பது ஒவ்வோர் இடத்திலும் கேட்கத் தகுந்த கேள்வி.

மூன்றாவது, ஏமாற்றும் மணங்கள். முதல் முகர்ச்சியில் எரிந்த தீக்குச்சியோ அவித்த முட்டையோ வந்தால் பயப்படாதீர்கள். காற்றுப் படாமல் வண்டலோடு இருந்த வைன் மூச்சடைத்து நிற்கிறது. ஒரு நிமிடம் பலமாகச் சுழற்றுங்கள், போய்விடும். வறுத்த காபி, வெனிலா, புகை வந்தால் அது புதுப் பீப்பாய். அதே வைனைப் பழைய பீப்பாயிலிருந்தும் தர முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்தால் எது மரம், எது நிலம் என்று சட்டென்று பிரிந்துவிடும். பாட்டிலுக்குப் போவது எல்லாப் பீப்பாய்களின் கலவை, ஆகவே நாம் சுவைத்த ஒன்று முழு வைன் ஆகாது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

கிராமங்களின் குணம் பற்றிச் சொல்லும் பொதுவான பேச்சு ஓரளவு உண்மைதான். ஜெவ்ரே கறுத்து, கட்டுக்கோப்பாக இருக்கும். ஷாம்போல் மணமும் மென்மையும். வோன் மசாலா மணம். வோல்னே மெல்லியது, அடுத்த ஊரான பொமாரின் களிமண் கனமான வைன் தரும். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு சுவைத்தால் இதுவே நாக்கில் தெரியும். கிராமப் பெயரைக் குறிப்பின் கடைசியில் எழுதிப் பாருங்கள்.

எட்டாம் படி: வானிலையைக் கேளுங்கள்

விவசாயியிடம் கேட்கத் தகுந்த மிக நல்ல கேள்வி, "இந்த ஆண்டு எப்படி இருந்தது?" அதற்குப் பிறகு குறுக்கிடாதீர்கள். பீப்பாயிலிருப்பது அந்தப் பதில்தான். 2021 ஏப்ரலில் கடும் உறைபனி, துளிர்கள் கருகின, பல வெள்ளை வைன் தோட்டங்களில் அறுவடை அற்பம். 2020இல் ஆகஸ்டிலேயே பறித்தார்கள். 2023 தாராளமான மகசூல். 2024இல் விடாத மழையும் பூஞ்சை நோயும். போன் நகரத்துக்கு 1354 முதலான அறுவடைத் தேதிகளின் பதிவு இருக்கிறது. அதன்படி 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28 வாக்கில் தொடங்கிய அறுவடை, 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முன்னதாக நடக்கிறது. அறுநூறு வருடத்துக்கும் மேலான பதிவில் இவ்வளவு தெளிவாக ஒரு மாற்றத்தைப் பார்ப்பது என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. வெயில் கூடினால் சர்க்கரை கூடும், சாராயம் கூடும், புளிப்பு குறையும். புளிப்பைப் பார்ப்பது முன்பைவிட இப்போது முக்கியமாகிவிட்டது.

ஒன்பதாம் படி: மதியம்

கனமான பர்கண்டிச் சாப்பாடு (ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சி, எப்வாஸ் சீஸ்) இரவுக்கு இருக்கட்டும். மதியம் ரொட்டி, ஆம்லெட் அல்லது சூப், சாலட், ஒரு லிட்டர் தண்ணீர். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது, கிராமத்து உணவகங்களில் தேர்வு குறைவு. கூழேர் என்ற சீஸ் பன் எங்கும் கிடைக்கும், முட்டையும் சீஸும் சாப்பிடுகிறவர்கள் ஒரு பொட்டலம் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு வைன் வேண்டாம். பதினைந்து நிமிடம் கண்ணை மூடுங்கள், பிற்பகல் நாக்கு அதற்கு நன்றி சொல்லும்.

இடங்களுக்கு நடுவே சர்க்கரையில்லாத ரொட்டியும் தண்ணீரும் மட்டும். நாக்கு கம்பளம் விரித்த மாதிரி ஆகிவிட்டால் அது டானின் சேர்ந்துவிட்டது. எச்சில் ஊற நேரம் கொடுப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

பத்தாம் படி: குறிப்பு எழுதுவது

ஒரு வைனுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். நான் எழுதும் மாதிரி ஒன்று:

"ஜெவ்ரே, கிராம வைன், பழைய பீப்பாய். மலோ முடிந்தது. மணம் முதலில் மூடல், சுழற்றியபின் நாவல், ஈரமண். புளிப்பு மோர்ப்பக்கம், ஆனால் நிமிர்ந்து நிற்கிறது. துவர்ப்பு நெல்லிக்காய், பின்னால் இனிப்பு. 9 நொடி. ஐந்தாறு வருடம் வைக்கலாம். மறுபடி பார்க்க வேண்டும்."

எண் மதிப்பெண் போடாதீர்கள். பீப்பாய் வைனுக்குப் போடும் 92, 94 எல்லாம் பிறகு உங்களையே கட்டிப்போடும். வாங்குவேன், வாங்கமாட்டேன், மறுபடி பார்க்க வேண்டும், இந்த மூன்று போதும். முக்கியமாக, உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். காசிஸ் பழத்தையும் காட்டுப் பூச்செடியையும் வாழ்நாளில் முகராமல் அந்தப் பெயர்களைக் கடன் வாங்கி எழுதினால், ஒரு வருடம் கழித்துப் படிக்கும்போது அந்தக் குறிப்பு எதையும் எழுப்பாது. நாவல் என்று எழுதியிருந்தால் அந்த வைன் நாக்குக்குத் திரும்பி வரும்.

பதினோராம் படி: விடைபெறுவதும் வாங்குவதும்

பல சின்ன இடங்களில் சுவைப்பதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். விற்க ஏதாவது பாட்டில் இருந்தால் இரண்டு மூன்றாவது வாங்குங்கள். பேரம் கிடையாது. நீங்கள் ரசித்த பிரிமியே க்ரூ விற்பனைக்கு இல்லை, கிராம வைன்தான் இருக்கிறது என்றால் அதையே சந்தோஷமாக வாங்குங்கள். பாட்டில்களை விமானத்தில் பெட்டிக்குள் துணி சுற்றி வைக்க வேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்குச் சுங்க வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான், அதாவது இரண்டு முழு பாட்டில், கொஞ்சம் மிச்சம்.

அடுத்த இடத்துக்குத் தாமதமானால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லுங்கள். நீங்கள் வரும் நேரத்துக்காக ஒருவர் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து காத்திருப்பார். ஊர் திரும்பிய வாரத்திலேயே நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள், எந்த வைன் பிடித்தது, ஏன் என்று இரண்டு வரி சேர்த்து. அடுத்த வருடம் கேட்கும்போது பதில் வேகமாக வரும்.

இரவு விடுதிக்கு வந்ததும் தூங்கும் முன் குறிப்புகளைத் திருத்தி எழுதுங்கள். எந்தப் பீப்பாய், யார் சொன்ன வார்த்தை என்பதெல்லாம் காலைக்குள் மறந்துவிடும். சுவைத்தவற்றில் இரண்டு வைனைத் தேர்ந்து அவற்றின் பக்கத்தில் கோடு போடுங்கள். ஒன்று மிகவும் பிடித்தது, இன்னொன்று புரியாமல் போனது. அடுத்த ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ அவை பாட்டிலில் விற்பனைக்கு வரும். கிடைத்தால் இரண்டையும் வாங்கி, அந்தப் பக்கத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள்.